ஐஎன்ஆர் ஒன்றுதான் இருக்க வேண்டும்

எங்கள் பில்லிங் மென்பொருள் ரெயில்ஸ் என்ற வெப் ஃப்ரேம்வொர்க்கில் ஓடுகிறது, டெஸ்ட் டேட்டாவுக்கு ஃபேக்டரி பாட் என்ற லைப்ரரி. ஒவ்வொரு வகை ரெக்கார்டையும் உருவாக்க அதில் ஒரு 'ஃபேக்டரி' எழுதுவோம். கரன்சி டேபிளில் ஐஎன்ஆர் (இந்திய ரூபாய்) போன்ற ஒரு கோடு, அதாவது குறியீடு, ஒரு தடவைதான் வரலாம். வாடிக்கையாளருக்கும் ஒரு கரன்சி, இன்வாய்ஸுக்கும் ஒரு கரன்சி. இரண்டு ஃபேக்டரியும் தனித்தனியாக ஐஎன்ஆரை உருவாக்கப் போனதால், இன்வாய்ஸ் டெஸ்ட் எழுதிய முதல் நாளே 'கோடு ஏற்கெனவே இருக்கிறது' என்று விழுந்தது.

முதலில் கோடுக்கு, ஒவ்வொரு தடவையும் எண் கூடும் சீக்வென்ஸ் போட்டேன்: சி1, சி2, சி3 என்று. நான் எழுதிய ஃபைலைத் தனியாக ஓட்டினால் எல்லாம் பச்சை. மொத்த டெஸ்டையும் ஓட்டினால் நடுவில் எங்கோ சிவப்பு. டேபிளில் கோடு நெடுவரிசையின் அளவு 3 எழுத்து. 100-வது கரன்சிக்கு 'சி100' வந்ததும் டேட்டாபேஸ் மறுத்துவிட்டது. ஒவ்வொரு டெஸ்டுக்குப் பிறகும் டிரான்சாக்ஷன் ரோல்பேக் ஆகும் (அந்த டெஸ்ட் டேட்டாபேஸில் எழுதியதெல்லாம் நீங்கிவிடும்), ஆனால் சீக்வென்ஸ் எண்ணிக்கை திரும்பிப் போகாது. அதைவிடப் பெரிய குறை, வாடிக்கையாளர் ஒரு கரன்சியிலும் அவருடைய இன்வாய்ஸ் வேறொன்றிலும் இருந்தது. நிஜத்தில் அப்படி ஒரு பில் எங்களிடம் கிடையாது.

அப்புறம் கரன்சி ஃபேக்டரியின் 'இனிஷியலைஸ் வித்' பிளாக்கில் (ஆப்ஜெக்ட்டை எப்படி உருவாக்குவது என்று சொல்லும் இடம்), கோடை வைத்துத் தேடி, இல்லாவிட்டால் புதிதாக உருவாக்கச் சொன்னேன். பிழை போயிற்று. சரி, முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

இரண்டு வாரம் கழித்து, நிறுத்தி வைத்த கரன்சியில் இன்வாய்ஸ் போடக் கூடாது என்பதற்கு ஒரு டெஸ்ட் எழுதினேன். 'ஆக்டிவ்' என்பதை ஃபால்ஸாக வைத்து ஐஎன்ஆரை உருவாக்கினேன், பிறகு வாடிக்கையாளரை. இன்வாய்ஸ் தடையில்லாமல் சேவ் ஆனது! அரை நாள் மாடலிலேயே தப்பைத் தேடினேன். கடைசியில் எஸ்க்யூஎல் லாகை (டேட்டாபேஸுக்குப் போன கட்டளைகளின் பதிவு) திறந்தால், வாடிக்கையாளர் சேவ் ஆவதற்கு முன்னால் கரன்சி டேபிளில் ஒரு அப்டேட். அந்த 'இனிஷியலைஸ் வித்' பிளாக்குக்குள் பயன்படுத்தாத ஆட்ரிபியூட்களை (ஃபேக்டரியில் கொடுத்த மதிப்புகள்) எல்லாம் ஃபேக்டரி பாட் அதற்குப் பிறகு தானே எழுதிவிடும். பழைய ரெக்கார்டைக் கண்டுபிடித்து, 'ஆக்டிவ்' டிஃபால்ட்டாக ட்ரூ என்று மாற்றி, சேவும் செய்திருக்கிறது. நேரே பிழை விழுந்திருந்தால்கூட இவ்வளவு நேரம் போயிருக்காது.

இப்போது தேடும் வேலையை வாடிக்கையாளர் ஃபேக்டரிக்கு மாற்றிவிட்டேன். அதன் கரன்சி பிளாக், ஐஎன்ஆர் இருந்தால் அதைத் தொடாமல் அப்படியே எடுத்துக்கொள்ளும். இல்லாவிட்டால்தான் அசோசியேஷனைக் கூப்பிட்டு, கரன்சி ஃபேக்டரி மூலம் புதிதாக உருவாக்கும். இன்வாய்ஸ் ஃபேக்டரி எதையும் தேடாது, வாடிக்கையாளரின் கரன்சியையே வாங்கிக்கொள்ளும். கரன்சி ஃபேக்டரி பழையபடி சாதாரணமானது. டெஸ்டில் ஒருவர் ஐஎன்ஆரை இரண்டு முறை உருவாக்கினால் பிழை வரும், வரத்தான் வேண்டும். பில்ட் (சேவ் செய்யாமல் ஆப்ஜெக்ட்டை மட்டும் உருவாக்குவது) மட்டும் கேட்கும் இடத்திலும் ஐஎன்ஆரைத் தேட ஒரு செலக்ட் கொயரி டேட்டாபேஸுக்குப் போகிறது. அதைப் பொறுத்துக்கொள்கிறேன்.

கிடைத்த ஐஎன்ஆரை ஒரு வேரியபிளில் பிடித்து வைத்தால் அந்தக் கொயரியும் மிச்சம் என்று குழுவில் ஒருவர் கேட்டார். வேண்டாம் என்றேன். ரோல்பேக்கில் ரெக்கார்டு போய்விடும், வேரியபிளில் அதன் ஐடி மட்டும் நிற்கும், இல்லாத ரெக்கார்டைச் சுட்டுவதால் அடுத்த டெஸ்ட் ஃபாரின் கீ பிழையில் விழும்.