யூகேட்டும் ஒரு கோடை விடுமுறையும்

மகள் மருத்துவம் படிக்க வேண்டும் என்று சொன்ன அன்று என் தலையில் ஓடியது முழுக்க நம்மூர் பிளஸ் டூ கணக்குதான். பயாலஜியை வரி விடாமல் படி, புக் பேக் கேள்வி ஒன்று விடாமல் எழுதிப் பார், சீட் கிடைக்கும். ஆனால் அவள் பிறந்து வளர்ந்த இங்கிலாந்தில் நம்மூர் பிளஸ் டூ போன்ற ஏ லெவல் மட்டும் போதாது, விண்ணப்பிப்பதற்கு முன்பே யூகேட் என்ற திறனறித் தேர்வை எழுத வேண்டும், அதற்குப் பாடத்திட்டம் என்று ஒன்று கிடையாது. பாடமே இல்லாத தேர்வுக்கு எப்படித் தயார் ஆவது என்று 2025 ஜூனில் எனக்குச் சுத்தமாகப் புரியவில்லை. இதே குழப்பத்தில் இருக்கும் பெற்றோருக்காகத்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒரு எச்சரிக்கை. ஒரு தோழி தன் பையன் பயன்படுத்திய புத்தகங்களைக் கொடுத்தாள், நாங்களும் அதை வைத்தே ஆரம்பித்தோம், ஒரு வாரம் வடிவங்களைப் பார்த்துத் தொடர்பு கண்டுபிடிக்கும் கேள்விகளோடு மல்லுக்கட்டிய பிறகுதான் அந்தப் பகுதியையே 2025 முதல் எடுத்துவிட்டார்கள் என்று தெரிந்தது. மொத்த மதிப்பெண்ணும் 3600லிருந்து 2700 ஆகிவிட்டது. ஆகவே பழைய புத்தகத்தையும் பழைய மதிப்பெண்ணையும் வைத்து எதையும் ஒப்பிடாதீர்கள். யூகேட்டின் சொந்தத் தளத்திலேயே முழு மாதிரித் தேர்வுகள் இலவசமாக இருக்கின்றன, திரையும் கால்குலேட்டரும் அசல் தேர்வில் வருவது போலவே இருக்கும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பத்தியைப் படித்து விடை சொல்லும் வெர்பல் ரீசனிங் பகுதியில் 44 கேள்விகள், 22 நிமிடம். கேள்விக்கு அரை நிமிடம், அதற்குள் பத்தியையும் படித்தாக வேண்டும். மகள் நன்றாக வாசிக்கிற பிள்ளை, அதுதான் அவளுக்குத் தடையாக இருந்தது. ஒவ்வொரு பத்தியையும் முதல் வரியிலிருந்து ரசித்துப் படித்துவிட்டுக் கேள்விக்கு வருவாள், பாதி கேள்விகள் தொடாமலே நேரம் முடிந்துவிடும். கேள்வியை முதலில் பார், அதில் இருக்கும் பெயரையோ வருடத்தையோ பத்தியில் தேடு, அந்த இரண்டு வரியை மட்டும் படி என்று மாற்றிக்கொள்ள அவளுக்கு மூன்று வாரம் பிடித்தது.

இன்னொரு சிக்கல், 'சரி', 'தவறு' இரண்டோடு மூன்றாவதாக வரும் 'சொல்ல முடியாது' என்ற விடை. ஒரு நகரத்தில் சைக்கிள் ஓட்டுபவர்கள் பத்து வருடத்தில் அதிகமானார்கள் என்று பத்தியில் இருக்கிறது என்று வையுங்கள். கார் ஓட்டுபவர்கள் குறைந்தார்களா என்பது கேள்வி. நமக்குக் கை தானாக 'சரி' பக்கம் போகும். ஆனால் பத்தி காரைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை, ஆகவே சொல்ல முடியாது என்பதுதான் விடை. நமக்கு வெளியே தெரிந்ததை உள்ளே கொண்டுவரக் கூடாது. இதை இரவுச் சாப்பாட்டு மேசையில் விளையாட்டாகவே பழகினோம், நான் ஒரு செய்தி சொல்வேன், அவள் மூன்றில் ஒன்று சொல்ல வேண்டும்.

கணக்குப் பகுதிக்கு 36 கேள்விகள், 26 நிமிடம். கணக்கு கடினமே இல்லை, சதவீதமும் விகிதமும்தான், விரல் வேகம்தான் வேண்டும். நம்பர் பேட் உள்ள ஒரு சாதாரண கீபோர்டை வாங்கி லேப்டாப்பில் மாட்டினோம். நிறையப் பணம் கட்டி அனுப்பிய ஒருநாள் வகுப்பை விட அது அதிகம் உதவியது.

கடைசிப் பகுதியான சூழ்நிலைக் கேள்விகளில்தான் நாங்கள் இருவரும் நிறையப் பேசினோம். கூடப் படிக்கும் மாணவர் மது வாடையோடு வார்டுக்கு வருகிறார், நீ என்ன செய்வாய்? நண்பனைக் காட்டிக் கொடுக்காதே என்று சொல்லி வளர்த்தவள் நான். அங்கே நோயாளி படுத்திருக்கிறார் அம்மா, சீனியரிடம் சொல்லித்தான் ஆக வேண்டும் என்றாள். இங்கே மருத்துவர்களைப் பதிவு செய்து கண்காணிக்கும் ஜெனரல் மெடிக்கல் கவுன்சில் அவர்களுக்கு எழுதி வைத்திருக்கும் நடத்தை விதிகள் இணையத்தில் இலவசம், ஒரு முறை படித்தாலே கேள்விகள் எங்கிருந்து வருகின்றன என்று புரியும்.

ஆனால் அவளை அதிகம் படுத்தியது, ஒரு கேள்வியை விட்டுவிட்டுப் போவது. தவறான விடைக்கு மைனஸ் மார்க் கிடையாது. தெரியவில்லையா, எதையாவது ஒன்றைப் போட்டு, பிறகு வந்து பார்க்கத் திரையில் இருக்கும் கொடி அடையாளத்தைக் குத்திவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். தெரிந்ததை முழுசாக எழுது, பாதியில் விடாதே என்றே சொல்லி வளர்த்த பிள்ளைக்கு அது தோல்வி மாதிரி இருந்தது. ஒரே கேள்வியில் இரண்டு நிமிடம் நின்று, விடையும் வந்து, ஆனால் கடைசி ஆறு கேள்விகளைப் பார்க்காமல் முடித்த நாட்கள் எத்தனையோ. அழுதிருக்கிறாள். நான் பக்கத்தில் கடிகாரத்தோடு உட்கார்ந்து "போ, போ, அடுத்தது" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன், ஆகஸ்ட் முழுக்க.

வருடத்துக்கு ஒரு முறைதான் எழுத முடியும். ஆனால் விண்ணப்பத்தின் கடைசி நாளான அக்டோபர் 15க்கு முன்பே மதிப்பெண் கைக்கு வந்துவிடும், அதைப் பார்த்த பிறகு நான்கு மருத்துவக் கல்லூரிகளைத் தேர்ந்தெடுக்கலாம். ஒவ்வொரு கல்லூரியும் இதை ஒவ்வொரு விதமாக எடை போடுவதால் அந்தக் கணக்கைப் பொறுமையாகப் பாருங்கள். வருமானம் குறைந்த குடும்பங்களுக்குக் கட்டணச் சலுகையும் உண்டு, தேர்வு எழுதுவதற்கு முன்பே கேளுங்கள்.

செப்டம்பர் முதல் வாரம் தேர்வு. மையத்துக்கு வெளியே காரில் காத்திருந்தேன். வந்து கதவைத் திறந்தவள் சொன்ன முதல் வாக்கியம்: "கணக்குல நாலு கேள்வி படிக்கவே இல்லைம்மா, எல்லாத்துக்கும் பி போட்டுட்டு அடுத்ததுக்குப் போயிட்டேன்." அவள் முகத்தில் வருத்தம் துளிகூட இல்லை.