அப்பாவின் ஹெட்செட்டுக்காகக் கெர்னலைத் திறந்த கதை

அப்பாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். ராத்திரி பழைய பாட்டு கேட்க உட்கார்ந்தால் ஸ்பீக்கர் சத்தம் தக்கலையில் எங்கள் தெரு முனை வரை போகும். அவருக்கென்று நாகர்கோவிலில் ஒரு ப்ளூடூத் ஹெட்செட்டும் யுஎஸ்பி டாங்கிளும் வாங்கி வந்தேன். டாங்கிளைச் செருகினேன், கணினி அதைக் கண்டுகொள்ளவே இல்லை.

காரணம் தெரிந்ததுதான். ஜென்டூ லினக்ஸ் வைத்திருக்கிறேன், மூல நிரலிலிருந்து நாமே கட்டிக்கொள்ளும் லினக்ஸ் வகை அது. வன்பொருளை இயக்கும் மையப் பகுதியான கெர்னலை நானே கம்பைல் செய்தபோது (மூல நிரலை இயங்கும் நிரலாக மாற்றியபோது), இந்த மெஷினில் ப்ளூடூத் இல்லையே என்று அந்தப் பகுதியை விட்டுவிட்டேன். லினக்ஸ் கெர்னலில் ப்ளூடூத் 2001-லிருந்தே இருக்கிறது. ஆனால் நாம் தேர்ந்தெடுத்தால்தான் சேரும்.

கெர்னலில் எது சேர வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் மெனுகான்ஃபிக்கைத் திறந்து, நெட்வொர்க்கிங் பிரிவுக்குள் போய் ப்ளூடூத்தை இயக்கினேன். அதற்குள்ளே கிளாசிக், லோ எனர்ஜி என்று இரண்டு தனித்தனியாக இருக்கும். பாட்டு கேட்கிற ஹெட்செட்டுகளில் பெரும்பாலானவற்றுக்குக் கிளாசிக் கட்டாயம் வேண்டும். ஆர்எஃப்காம், எச்ஐடிபி என்ற இரண்டு ப்ளூடூத் நெறிமுறைகளையும் சேர்த்தேன். பின்னது பிற்பாடு ப்ளூடூத் கீபோர்டு வாங்கினால் உதவும். டிரைவர் பட்டியல் இன்னும் ஒரு படி உள்ளே. அங்கே யுஎஸ்பி டிரைவரையும், அதன் கீழே ரியல்டெக் ஆதரவையும் எடுத்தேன், ஏனென்றால் டாங்கிளில் இருந்தது ரியல்டெக் சிப். எல்லாவற்றுக்கும் நட்சத்திரக் குறி போட்டேன்.

ஜூன் மாத மழை. கம்பைல் பாதியில் நிற்கும்போது கரண்ட் போய்விட்டது. திரும்ப வந்ததும் கம்பைல் செய்யும் மேக் கட்டளையை மறுபடி கொடுத்தேன். முடிந்த கோப்புகளை விட்டுவிட்டு மீதியை மட்டும் செய்தது. அந்த நிம்மதியில் ஒரு சாயா குடித்தேன்.

ரீபூட் செய்தால் டாங்கிள் தெரிகிறது, வேலை செய்யவில்லை. கெர்னல் பதிவைப் புரட்டினேன். ஃபர்ம்வேர், அதாவது சிப்புக்குள் ஏற்ற வேண்டிய சிறு நிரல், ஏற்றுவது தோல்வி, பிழை எண் மைனஸ் 2. கோப்பு இல்லை என்று அர்த்தம். ஆனால் லினக்ஸ் ஃபர்ம்வேர் தொகுப்பை நிறுவியிருந்தேன், கோப்பு டிஸ்கில் கண்ணெதிரே கிடக்கிறது! இங்கேதான் ஒரு நாள் முழுக்கப் போனது. பதிவில் வரிக்கு முன்னால் இருக்கும் நேரத்தைப் பார்த்த பிறகுதான் பிடிபட்டது. ஃபர்ம்வேரைத் தேடிய வரி மேலே இருக்கிறது, கோப்புகள் இருக்கும் ரூட் பார்ட்டிஷனை மவுன்ட் செய்த (பயன்பாட்டுக்கு இணைத்த) வரி அதற்குக் கீழே. நட்சத்திரம் போட்டால் டிரைவர் கெர்னலுக்குள்ளேயே இருக்கும். டிஸ்க் மவுன்ட் ஆகும் முன்பே விழித்துக்கொண்டு கோப்பைத் தேடும். டிஸ்க் மவுன்ட் ஆகும் முன் நினைவகத்தில் ஏறும் சிறு கோப்புத் தொகுப்பான இனிட்ராம்எஃப்எஸ்ஸும் நான் வைக்கவில்லை. அப்புறம் எங்கிருந்து கிடைக்கும்?

யுஎஸ்பி டிரைவருக்கு மட்டும் நட்சத்திரத்தை மாற்றி எம் போட்டேன், அதாவது மாட்யூல்: கெர்னலுக்கு வெளியே தனிக் கோப்பாக இருந்து பிறகு ஏறும். திரும்பக் கம்பைல், மாட்யூல்களை நிறுவல், ரீபூட். இந்த முறை ரூட் மவுன்ட் ஆன பிறகே டிரைவர் ஏறியது, ஃபர்ம்வேரும் ஏறியது. உங்களுக்கும் மைனஸ் 2 வந்தால், கோப்பை மறுபடி மறுபடி இறக்குவதற்கு முன் இதைப் பாருங்கள்.

ஹெட்செட்டின் பொத்தானை அழுத்திப் பிடித்தேன். சிவப்பும் நீலமுமாக மாறி மாறி மின்னியது. ப்ளூடூத்சிடிஎல் என்ற கருவியில் வரிசையாகக் கட்டளைகள்: ஸ்கேன் (தேடு), பேர் (ஜோடி சேர்), ட்ரஸ்ட் (நம்பு), கனெக்ட் (இணை). ட்ரஸ்ட்டை விட்டுவிடாதீர்கள், அது இருந்தால்தான் ஹெட்செட்டை ஆன் செய்ததும் கேள்வி கேட்காமல் தானே இணையும். அப்பாவிடம் கட்டளை அடிக்கச் சொல்ல முடியாது அல்லவா.

முதலில் பாட்டு விட்டு விட்டு வந்தது. டாங்கிள் யுஎஸ்பி 3 ஹார்டு டிஸ்குக்கு ஒட்டி இருந்தது. யுஎஸ்பி 3 கிளப்பும் இரைச்சல் ப்ளூடூத் ஓடும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையிலேயே விழும். ஒரு எக்ஸ்டென்ஷன் வயர் போட்டு டாங்கிளை மேசைமேல் தள்ளி வைத்தேன்.

அப்பா ஹெட்செட்டைப் போட்டுக்கொண்டே தண்ணீர் குடிக்க அடுக்களைக்குப் போனார். போன இடத்திலிருந்து சத்தமாகச் சொன்னார்: “மக்களே, இங்கயும் கேக்குது.”