பனிமலையைப் பார்த்து நலம் விசாரித்தவள்

7 டிசம்பர் 2024, சனி

மிஹோ நகயாமா இறந்துவிட்டார். நேற்று, டோக்கியோவில் அவருடைய வீட்டில். வயது 54. இரவு செய்தி பார்த்ததிலிருந்து வேறு வேலை ஓடவில்லை. ஜப்பானில் அவர் எண்பதுகளிலிருந்தே பெயர்பெற்ற பாடகி, தொலைக்காட்சித் தொடர்களின் நாயகி. எனக்கு அவர் ஒரே ஒரு படம்தான்: ஷுன்ஜி இவாய் இயக்கி 1995இல் வந்த ‘லவ் லெட்டர்’. அதில் ஹிரோகோ, இட்சுகி என்று இரண்டு பெண்களாக நடித்திருப்பார். கல்லூரிக் காலத்தில் நண்பன் கொடுத்த சிடியில் பார்த்தது. நாளை அம்மாவோடு உட்கார்ந்து மறுபடி பார்க்கப் போகிறேன்.

8 டிசம்பர், ஞாயிறு

அம்மாவால் ஆங்கில சப்டைட்டிலை அந்த வேகத்துக்குப் படிக்க முடியாது. பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன்.

படம் தொடங்கும்போது ஹிரோகோ பனியில் மல்லாந்து கிடக்கிறாள். மூச்சை அடக்கிப் பார்க்கிறாள். மலையேறப் போய் அங்கேயே இறந்துபோனவன் அவள் மணக்க இருந்தவன். கடைசியில் அவனுக்கு எப்படி இருந்திருக்கும் என்று தன் உடம்பைக் கொண்டு தெரிந்துகொள்ளப் பார்க்கிறாளோ என்று தோன்றும். அப்புறம் எழுந்து, ஒட்டிய பனியைத் தட்டிவிட்டு, சரிவில் இறங்கி நடக்கிறாள். வெட்டே இல்லை. அவள் புள்ளியாகிற வரை கேமரா பார்த்துக்கொண்டே இருக்கிறது.

அன்று அவன் இறந்து இரண்டாம் ஆண்டு நினைவு நாள். அவன் வீட்டில் பழைய பள்ளி ஆல்பம் கண்ணில் படுகிறது. அதில் ஒதாரு ஊர் முகவரி ஒன்று. ஹிரோகோ இருப்பது கோபேயில். ஒதாரு வடக்கே ஹொக்கைடோ தீவில் இருக்கிற துறைமுக ஊர். அந்த வீடு இடிபட்டு இப்போது நெடுஞ்சாலையாகிவிட்டது என்று அவன் அம்மா சொல்கிறார். ஹிரோகோ யாருக்கும் தெரியாமல் முகவரியைத் தன் கையிலேயே பேனாவால் எழுதிக்கொள்கிறாள். யாருக்கும் போய்ச் சேராத இடம் என்பதற்காகவே அங்கே ஒரு கடிதம் போடுகிறாள்.

பதில் வந்துவிடுகிறது. அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அவன் பெயர் இட்சுகி ஃபுஜீ. அதே வகுப்பில் அதே பெயரில் ஒரு பெண்ணும் படித்திருக்கிறாள். ஹிரோகோ எழுதிக்கொண்ட முகவரி அவளுடையது. அவள் இன்னும் ஒதாருவில்தான் இருக்கிறாள், நூலகத்தில் வேலை, விடாத ஜலதோஷம். அவளுக்கும் ஹிரோகோவுக்கும் ஒரே முகம். இரண்டு பெண்களும் கடிதம் எழுதிக்கொள்கிறார்கள். அந்தப் பையனோடு படித்த பள்ளி நாட்களை இட்சுகி நினைவுகூர்ந்து எழுதி அனுப்புகிறாள்.

10 டிசம்பர், செவ்வாய்

அந்தக் கடிதத்தில் இருப்பது இவ்வளவுதான்: “நலமாக இருக்கிறீர்களா? நான் நலமாக இருக்கிறேன்.” ஜப்பானிய மொழியில் “ஓகென்கி தெஸ் கா? வத்தாஷி வா கென்கி தெஸ்.” யாரும் யாருக்கும் எழுதுகிற சாதாரண வரி.

இதை மொழிபெயர்த்துச் சொன்னபோது அம்மா சிரித்தார். “நம்ம ‘நலம், நலமறிய ஆவல்’தானே இது!” அப்பா வேலைக்காகப் பம்பாயில் தனியாக இருந்தபோது எழுதிய இன்லேண்ட் கடிதங்கள் எல்லாமே அப்படித்தான் தொடங்கும். வெறும் சம்பிரதாயம், யாரும் படிக்காத வரி என்று சின்ன வயதில் நினைத்திருக்கிறேன். இன்று கேட்டேன். “அதைத்தான்டா முதலில் தேடுவேன். அது இல்லாமல் நேராக விஷயத்துக்குப் போயிருந்தால் அங்கே ஏதோ சரியில்லை என்று அர்த்தம்” என்றார்.

அதற்கப்புறம்தான் மலைக் காட்சி எனக்கு முழுசாகப் பிடிபட்டது. ஹிரோகோவைக் காதலிக்கிற அகிபா, கண்ணாடிப் பாத்திரம் ஊதிச் செய்கிறவன், அவளை அந்த மலைக்கு அழைத்துப் போகிறான். விடிகிற நேரம். பனியில் ஓடி, விழுந்து எழுந்து, மலையைப் பார்த்து அதே இரண்டு வரியைக் கத்துகிறாள். மலை அவளுடைய குரலையே திருப்பி அனுப்புகிறது. அவள் அவனைக் கேட்ட கேள்வி அவளிடமே வந்து நிற்கிறது: நலமாக இருக்கிறாயா? இரண்டு வருடமாக அவளை அப்படி யாரும் கேட்டு அவள் உண்மையாகப் பதில் சொன்னதாகத் தெரியவில்லை. கத்தக் கத்தக் குரல் உடைகிறது. அதே நேரத்தில் ஒதாருவில், காய்ச்சல் முற்றி மருத்துவமனையில் கிடக்கிற இட்சுகியும் அதே சொற்களை முனகுகிறாள்.

14 டிசம்பர், சனி

படத்தைப் பற்றி யார் பேசினாலும் பள்ளிக்கூடக் காட்சிகளைத்தான் சொல்வார்கள். நியாயம்தான். நூலகத்தின் ஜன்னலோரம் புத்தகத்தோடு நிற்கிற பையன், வெள்ளைத் திரை காற்றில் ஆடி அவனை மூடி மூடித் திறக்கிறது. விடைத்தாள் மாறிப்போனதால், இருட்டிய பிறகு சைக்கிள் பெடலைக் கையால் சுற்றி, டைனமோ வெளிச்சத்தில் இரண்டு பேரும் தாளைப் பார்க்கிறார்கள். அவள் சுற்றச் சுற்ற வெளிச்சம். அவன் வேண்டுமென்றே நேரம் எடுத்துக்கொள்கிறான். பள்ளி வயது இட்சுகிகளாக நடித்த மிகி சகாய், தகாஷி காஷிவாபாரா இரண்டு பேரும் அதிகம் பேசாமலேயே செய்துவிடுகிறார்கள். நொபோரு ஷினோடாவின் ஒளிப்பதிவில் வெளிச்சம் முகங்களின் ஓரத்தில் கரைந்து நிற்கும். இசையமைத்த ரெமேடியோஸின் பியானோவைப் பற்றி எழுதத் தொடங்கினால் தூக்கம் போய்விடும்.

ஆனால் என் மனசு ஹிரோகோ பக்கம்தான். பார்த்த கணத்திலேயே காதலித்ததாக அவளிடம் சொன்னவன் அவன். இப்போது ஒதாருக்காரியின் முகம் தன் முகம் என்று தெரிந்தபின் அந்த ‘முதல் பார்வை’ யாருடையது? இதை அவனிடம் கேட்கவும் முடியாது. கோபமாக இதைக் கேட்கக்கூட அவன் இல்லை. ஒருவனை இரண்டு முறை இழப்பது என்றால் இதுதான். அப்படிப்பட்டவள் கடைசியில் என்ன செய்கிறாள்? இட்சுகி எழுதிய கடிதங்களையெல்லாம் அவளுக்கே திருப்பி அனுப்புகிறாள், இந்த நினைவுகள் உங்களுடையவை என்று எழுதி. இந்தப் படத்தை மக்கள் முப்பது வருடமாக விடாமல் வைத்திருப்பது இதற்காகத்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். முதல் காதலைக் காட்டிய படங்கள் ஏராளம். தனக்கு இனிமேல் கிடைக்கவே முடியாத ஒன்றை உரியவளிடம் சேர்த்துவிட்டு நிற்கிற பெண் அபூர்வம்.

இரண்டு பேரும் படத்தில் சந்திப்பதே இல்லை. ஒதாரு தெருவில் ஒரு முறை ஹிரோகோ பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள், இட்சுகி திரும்பிப் பார்க்கிறாள், கூட்டம் மறைத்துவிடுகிறது.

21 டிசம்பர், சனி

முடிவைப் பற்றி எழுதாமல் விட்டிருந்தேன். பள்ளி நூலகத்தில் யாருமே எடுக்காத புத்தகங்களாகப் பார்த்து எடுத்து, உறையில் செருகியிருக்கிற அட்டைகளில் அந்தப் பையன் தன் பெயரை எழுதிக்கொண்டே இருந்தான். அவன் பெயர்தான், ஆனால் அவள் பெயரும் அதுதான். அவள் தன் அப்பாவை நிமோனியாவில் இழந்து வீட்டில் இருந்த நாளில், பிரெஞ்சு எழுத்தாளர் ப்ரூஸ்ட்டின் நாவல் ஒன்றைக் கொண்டுவந்து நூலகத்தில் திருப்பிக் கொடுத்துவிடச் சொல்லிப் போகிறான். அதுதான் அவனைக் கடைசியாகப் பார்ப்பது. பல வருடம் கழித்து அந்தப் பள்ளி மாணவிகள் அதே புத்தகத்தை எடுத்து வருகிறார்கள். அட்டையைத் திருப்பிப் பார் என்கிறார்கள். பின்பக்கம் அவளுடைய முகம், பென்சிலில்.

அவள் சட்டென்று அட்டையைப் பையில் போட்டு மறைக்கப் பார்க்கிறாள். அவள் போட்டிருக்கிற உடையில் பையே இல்லை. கை தடவிக்கொண்டே இருக்கிறது. அங்கே அழுதது நான் மட்டும் இல்லை.

1 ஜனவரி 2025, புதன்

தென் கொரியாவில் படம் இன்று மறுவெளியீடு. காலனி ஆட்சியின் காயத்தால் ஜப்பானியப் படங்களுக்கு அங்கே நெடுங்காலம் தடை. 1998இல்தான் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினார்கள். 1999இல் ‘லவ் லெட்டர்’ திரைக்கு வந்து பெரும் வெற்றி. ஜப்பானிய மொழி தெரியாதவர்கள்கூட “ஓகென்கி தெஸ் கா” சொல்லத் தொடங்கினார்கள், பனிக்காலத்தில் ஒதாருவைத் தேடிப் போனார்கள். அத்தனை கசப்புக்கு நடுவே போய்ச் சேர்ந்த ஒரு நலம் விசாரிப்பு. இட்சுகியின் வீடாகக் காட்டிய பழைய மாளிகை 2007இல் தீயில் போய்விட்டது. இருந்திருந்தால் நானும் ஒரு நாள் போய் வாசலில் நின்றிருப்பேன்.

17 ஜனவரி, வெள்ளி

கோபே நிலநடுக்கத்துக்கு இன்றோடு 30 வருடம். 1995 ஜனவரி 17, காலை 5:46. ஆறாயிரத்து நானூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஒவ்வொரு வருடமும் அந்த நிமிடத்தில் கோபேயின் பூங்காவில் விளக்கேற்றி மௌனமாக நிற்கிறார்கள். ‘லவ் லெட்டர்’ வெளியானது அதே வருடம் மார்ச் 25. அதற்கு முன்பே எடுத்து முடித்த படம்தான். ஆனாலும் கோபேயில் இருக்கிற ஒரு பெண் இறந்தவனுக்கு “நலமா” என்று எழுதுவதை, அந்த மார்ச் மாதத்தில் தியேட்டரில் உட்கார்ந்து பார்த்தவர்களை நினைத்துக்கொண்டே இருந்தேன்.

ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் அம்மா, “அந்த மலை சீனை மட்டும் போடு” என்றார். அப்பா போய் ஆறு வருடம் ஆகிறது. போட்டேன். வழக்கம்போலத் தமிழில் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். வேண்டாம் என்று கையைக் காட்டினார்.