கைப்பிணைப்பும் ஒரு தாளும்: ஸ்காட்லாந்தில் பேகன் முறையில் மணந்த அனுபவம்

என் கணவர், இயற்கையைப் போற்றும் பேகன் நெறிகளுள் ஒன்றான ட்ரூயிட் நெறியைப் பின்பற்றுகிறவர். நான் காரைக்குடிப் பக்கத்தில், கடவுள் மறுப்பு பேசிக்கொண்டே குலதெய்வத்துக்குப் படையல் வைக்கும் குடும்பம் ஒன்றில் வளர்ந்தவள். நாங்கள் இருவரும் வட இங்கிலாந்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது, அவருடைய சமயச் சடங்கின்படியே, மரத்தடியில், சட்டப்படி செல்லும் திருமணம் ஒன்றைச் செய்துகொள்ள விரும்பினோம். அந்த விருப்பம் நிறைவேறப் பதினான்கு மாதங்கள் ஆயின. இதே வழியில் போக எண்ணும் இரண்டு பேர் அண்மையில் என்னிடம் விவரம் கேட்டதால், நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கிறேன்.

பேகன் என்ற சொல்லைத் தமிழில் கேட்பவர்கள் பெரும்பாலும் பில்லி, சூனியம் என்றே நினைத்துக்கொள்கிறார்கள். என் சித்தியும் அப்படித்தான் நினைத்தார். கிறித்தவத்துக்கு முற்பட்ட ஐரோப்பிய வழிபாடுகளைத் தழுவி, இன்றைய வாழ்வுக்கேற்ப அமைத்துக்கொண்ட பல நெறிகளுக்கு அது பொதுப்பெயர். ட்ரூயிட், விக்கா, ஹீதன் எனப் பிரிவுகள் உண்டு. மூலமான லத்தீன் சொல்லுக்கு நாட்டுப்புறத்தான் என்று பொருள். பட்டிக்காட்டான் என்று நம் ஊரில் ஏசுவதற்குப் பக்கத்தில் வரும் சொல்தான், ஏசப்பட்டவர்களே பிற்காலத்தில் அதை விரும்பி எடுத்துச் சூடிக்கொண்டார்கள். 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இங்கிலாந்திலும் வேல்ஸிலுமாக ஏறத்தாழ 74,000 பேர் தங்கள் சமயம் பேகன் என்றும், மேலும் 13,000 பேர் விக்கா என்றும் எழுதியிருக்கிறார்கள்.

முதலில் நாங்கள் குடியிருந்த நகரின் பதிவு அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினோம். எதிர்முனையில் இருந்த அம்மையார் கனிவாகத்தான் பேசினார். பதிவாளர் நடத்தும் குடிமைத் திருமணத்தில் சமயம் சார்ந்த எதுவும் இடம்பெறக் கூடாது என்றும், நான்கு திசைகளை வணங்குவது சமயச் செயல் என்பதால் அதற்கு இடமில்லை என்றும் விளக்கினார். அப்படியானால் சமயத் திருமணமாகவே செய்துகொள்கிறோம் என்றோம். எந்தக் கட்டடத்தில் என்று கேட்டார். கட்டடம் இல்லை, மரத்தடி என்றோம். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "காலையில் இங்கே வந்து கையெழுத்துப் போட்டுவிடுங்கள், மாலையில் உங்கள் நாடகத்தை எங்கே வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள்" என்றார். நாடகம் என்ற சொல்லை அவர் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை என்றே இன்றும் நம்புகிறேன். ஆனால் என் கணவர் அன்று இரவு சாப்பிடவில்லை.

அந்த அம்மையார் சொன்ன சட்டம் சரியானதே. இங்கிலாந்தின் திருமணச் சட்டம், 1949ஆம் ஆண்டுச் சட்டம், கட்டடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. ஆங்கிலிக்கத் திருச்சபைக்குத் தனி வழி உண்டு. குவேக்கர் என்ற கிறித்தவப் பிரிவினருக்கும் யூதர்களுக்கும் இடக் கட்டுப்பாடே இல்லை. மற்ற எல்லாச் சமயத்தாரும், இந்துக்களும் முஸ்லிம்களும் உட்பட, 1855ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வழிபாட்டிடமாகப் பதிவுபெற்ற கட்டடம் ஒன்றில், அதுவும் திருமணத்துக்கெனத் தனியே பதிவுபெற்றதில்தான் மணந்தாக வேண்டும். திறந்த வெளியையே கோயிலாகக் கொண்டவர்கள் அந்தப் பதிவேட்டுக்குள் நுழைய வாசலே கிடையாது. இதில் வேடிக்கை என்னவென்றால், அதே நாட்டின் அறக்கொடை ஆணையம் ட்ரூயிட் நெட்வொர்க் என்ற அமைப்பை 2010இல் சமய அறக்கட்டளையாகப் பதிவுசெய்து, ட்ரூயிட் நெறியும் ஒரு சமயமே என்று ஏற்றுக்கொண்டிருந்தது. ஆக, நன்கொடை வாங்கும்போது ட்ரூயிட் ஒரு சமயத்தவர். மாலை மாற்றும்போது நாடகக்காரர். கட்டடத்தை விட்டுவிட்டு, திருமணத்தை நடத்திவைப்பவரை அடிப்படையாகக் கொண்டு சட்டத்தைத் திருத்த வேண்டும் என்று அங்குள்ள சட்ட ஆணையம் 2022 ஜூலையில் பரிந்துரைத்தது. பரிந்துரை சட்டமாகும்வரை காத்திருக்கும் பொறுமை எங்களுக்கு இல்லை.

காலையில் கையெழுத்து, மாலையில் சடங்கு என்று போய்விடலாமே, எத்தனையோ பேர் அப்படித்தானே செய்கிறார்கள் என்று நண்பர்கள் கேட்டார்கள். நான் இசையாததற்கு அப்பத்தா காரணம். ஐயாவும் அப்பத்தாவும் 1940களில் புரோகிதர் இல்லாமல், ஊர்ப் பெரியவர் ஒருவர் தலைமையில், மாலை மாற்றி மணந்தவர்கள். 1953இல் தெய்வானை ஆச்சி வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம், சாத்திரச் சடங்கும் இல்லாமல் நெடுநாள் வழக்கமும் இல்லாமல் நடந்த சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்று தீர்ப்பளித்தபோது, அப்பத்தாவுக்கு இரண்டு பிள்ளைகள். "கோர்ட்டு சொல்லிருச்சாம், நான் இவுகளுக்குப் பெண்டாட்டி இல்லையாம்" என்று அவர் சிரித்தபடி சொல்வதைச் சிறுவயதில் பலமுறை கேட்டிருக்கிறேன். சொத்துப் பங்கீட்டில் ஐயாவின் அண்ணன் அந்தத் தீர்ப்பை ஒருமுறை நினைவூட்டியபோது அப்பத்தா சிரிக்கவில்லை என்பதை அம்மா பிற்பாடுதான் சொன்னார். அண்ணா முதலமைச்சரான பிறகு, 1967இல் நிறைவேறி 1968 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த சட்டத்திருத்தம் இந்துத் திருமணச் சட்டத்தில் 7ஏ என்ற பிரிவைச் சேர்த்து, அதற்கு முன் நடந்த சுயமரியாதைத் திருமணங்களையும் செல்லுபடியாக்கியது. ஏறத்தாழ இருபது ஆண்டு கழித்துச் சட்டப்படி மனைவியானவரின் பேத்தி, தன் திருமணத்தில் பாதியை நாடகம் என்று ஒப்புக்கொள்ள மாட்டாள் அல்லவா?

ஸ்காட்லாந்து வேறு சட்டம் உள்ள நாடு. அங்கே 1977ஆம் ஆண்டுச் சட்டம், எங்கே மணக்கிறீர்கள் என்பதைவிட யார் நடத்திவைக்கிறார் என்பதையே முதன்மையாகப் பார்க்கிறது. உரிமம் பெற்ற ஒருவர் நடத்தினால் மலையுச்சியானாலும் கடற்கரையானாலும் சமயத் திருமணம் செல்லும். ஸ்காட்டிஷ் பேகன் ஃபெடரேஷன் முன்மொழியும் நபர்களுக்கு அந்த உரிமம் கிடைக்கிறது. இங்கிலாந்தில் 1753ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம் பெற்றோர் சம்மதம் கேட்டுக் கெடுபிடி செய்தபோது காதலர்கள் எல்லை தாண்டி கிரெட்னா கிரீன் என்ற ஸ்காட்லாந்து ஊருக்கு ஓடினார்கள். இரண்டரை நூற்றாண்டு கழித்து நாங்களும் அதே திசையில்தான் ஓடினோம், பெற்றோர் சம்மதத்தோடு.

எல்லை தாண்டிய பிறகும் முதல் சறுக்கல் எங்கள் அவசரத்தால் நேர்ந்தது. ஒரு சந்திப்பில் கண்டு எங்களுக்கு மிகவும் பிடித்துப்போன ஒருவரிடம் நடத்திவைக்கும்படி கேட்டு, அவரும் இசைந்து, அழைப்பிதழ் வாசகம்வரை பேசி முடித்துவிட்டோம். ஸ்காட்லாந்தின் தேசிய ஆவணத் துறை, உரிமம் பெற்றவர்களின் பட்டியலை வெளியிடுகிறது. அதில் அவர் பெயரைத் தேடினால் இல்லை. இவ்வகை உரிமம் அதிகபட்சம் மூன்று ஆண்டுகளுக்கே தரப்படுகிறது. அவருடையது முடிந்து, புதுப்பிக்கப்படாமல் கிடந்திருக்கிறது. அவருக்கே அது நினைவில் இல்லை. ஆகவே இந்த வழியில் வருபவர்கள் எல்லாவற்றுக்கும் முன்னால் அந்தப் பட்டியலைப் பார்த்துவிடுங்கள். ஆளைப் பிடித்துப்போன பிறகு பார்ப்பது மனவருத்தம். பட்டியலில் இருந்த வேறொரு மூதாட்டி, ஓய்வுபெற்ற செவிலியர், எங்களுக்காக ஒப்புக்கொண்டார்.

அடுத்தது எம்10 என்ற திருமண அறிவிப்புப் படிவம். மணமக்கள் ஆளுக்கொன்று நிரப்பி, திருமணம் நடக்கும் வட்டாரத்தின் பதிவாளருக்கு அனுப்ப வேண்டும். திருமண நாளுக்கு மூன்று மாதத்துக்கு முன்னதாக அனுப்பினால் ஏற்கமாட்டார்கள். குறைந்தது 29 நாளாவது முன்னால் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். நாங்கள் பத்து வாரம் முன்னதாக அனுப்பினோம். எனக்கு நிரந்தர வதிவிட உரிமை இருந்தாலும் இந்தியக் குடிமகள் என்பதால், குடியேற்ற நிலை குறித்த உறுதிமொழிப் படிவமும் கூடவே போனது. இடம் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று தயங்கினோம். ஆர்கைலில் கில்மார்ட்டின் பள்ளத்தாக்குக்கு அருகே தனியார் ஒருவருக்குச் சொந்தமான ஓக் தோப்பு அது; கதவு எண் கிடையாது. பண்ணையின் பெயரையும் அஞ்சல் குறியீட்டையும் வரைபடக் குறியீட்டு எண்ணையும் எழுதினோம், ஏற்றுக்கொண்டார்கள். சமயம் பற்றிப் பதிவாளர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

அவர் கேட்டது வேறு. என் பிறப்புச் சான்றிதழில் என் பெயர் இல்லை. 80களில் தமிழ்நாட்டில் பிறந்தவர்களுக்கு இது தெரிந்த கதைதான்: பிறந்தவுடன் பதிவு நடக்கும், பெயர் வைப்பது பிறகு, அந்தப் பெயரை நகராட்சியில் போய்ச் சேர்ப்பதை யாரும் நினைப்பதில்லை. பாலினம் பெண், தகப்பனார் பெயர், தாயார் பெயர், பெயர் என்ற இடத்தில் ஒரு கோடு. அந்தக் கோட்டைக் காட்டி, இது நீங்கள்தான் என்பதற்கு என்ன ஆதாரம் என்று பதிவாளர் மின்னஞ்சலில் கேட்டிருந்தார். உலகத்தின் பழைய தெய்வங்களையெல்லாம் சட்டம் ஒப்புக்கொண்டது, என்னை ஒப்புக்கொள்ளவில்லை. அப்பா பள்ளிச் சான்றிதழையும் எடுத்துக்கொண்டு நகராட்சிக்கு நான்கு முறை நடந்தார். பதினைந்து ஆண்டுக்குள் சேர்த்திருக்க வேண்டிய பெயர்; அப்போது அரசு காலக்கெடுவை நீட்டித்திருந்ததால் தாமதக் கட்டணத்தோடு சேர்த்துக்கொண்டார்கள். புதிய சான்றிதழ் தமிழிலும் ஆங்கிலத்திலும் இருந்ததால் மொழிபெயர்ப்புச் செலவு இல்லை.

எம்10 சரியாக இருந்தால் பதிவாளர் திருமண ஷெட்யூல் என்ற தாளை ஆயத்தம் செய்வார். உரிமம், சடங்கு, வாழ்த்து எல்லாம் இருந்தும் அந்தத் தாள் கையில் இல்லாவிட்டால் திருமணம் இல்லை; அது இல்லாமல் நடத்திவைப்பவர் குற்றம் செய்தவராவார். சமயத் திருமணத்துக்கு அதை மணமக்களில் ஒருவர் நேரில் போய் வாங்க வேண்டும், திருமணத்துக்கு முந்திய ஏழு நாட்களுக்குள். இங்கேதான் நாங்கள் நடுங்கினோம். கிளாஸ்கோவிலிருந்து பதிவு அலுவலகம் இருந்த லாக்கில்ப்ஹெட் ஊருக்குப் போகும் வழியில் உள்ள ஏ83 சாலை 'ரெஸ்ட் அண்ட் பி தேங்க்ஃபுல்' என்ற கணவாயைக் கடக்கிறது. இளைப்பாறி நன்றி சொல் என்பது பெயர். மண் சரிந்து அடிக்கடி மூடப்படும் கணவாய் அது. வியாழக்கிழமை மழை கொட்டியது. மேல்சாலையை மூடி, பள்ளத்தின் அடியில் உள்ள பழைய ராணுவச் சாலையில் வண்டிகளை ஒருபக்கமாக வரிசைகட்டி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். நானும் அம்மாவும் ஐம்பது நிமிடம் அசையாமல் நின்றோம். அம்மா கண்ணாடி வழியே மலையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பைக்குள்ளிருந்து மஞ்சள் கிழங்கும் நூல்கண்டும் எடுத்து, தண்ணீர்ப் புட்டியின் மூடியில் மஞ்சளை உரசி நூலுக்கு ஏற்றத் தொடங்கினார். அலுவலகம் மூட நாற்பது நிமிடம் இருந்தபோது போய்ச் சேர்ந்தோம். பதிவாளர் ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்க்கச் சொல்லி, கறுப்பு மையில் மட்டும் கையெழுத்திடுங்கள், மடிக்காதீர்கள் என்று உறையில் வைத்துக் கொடுத்தார்.

செப்டம்பர் இறுதியில், பகலும் இரவும் சமமாகும் நாளையொட்டிய சனிக்கிழமை, அந்தத் தோப்பில் மணந்தோம். சடங்கில் எதை வேண்டுமானாலும் சேர்க்கலாம், குறைக்கலாம், ஆனால் சட்டம் கேட்கும் பகுதியில் கைவைக்க மாட்டேன் என்று மூதாட்டி முன்பே சொல்லியிருந்தார். அந்தப் பகுதி மிகச் சிறியது: இருவரும் ஒருவர் முன் ஒருவர், நடத்திவைப்பவரும் பதினாறு வயது நிறைந்த இரண்டு சாட்சிகளும் கேட்க, ஒருவரையொருவர் துணையாக ஏற்பதாகச் சொல்ல வேண்டும், அதன்பின் அவர் இவர்கள் மணமக்கள் என்று அறிவிக்க வேண்டும். உறவினர், நண்பர் முன்னிலையில் இருவருக்கும் புரியும் மொழியில் சொன்னால் போதும் என்ற 7ஏ பிரிவின் வாசகமும் ஏறத்தாழ இதுதான். ஹேண்ட்ஃபாஸ்டிங் எனப்படும் கைப்பிணைப்பில், எங்கள் வலக்கைகளைச் சேர்த்து மூன்று கயிறுகளால் சுற்றினார்கள். இரண்டு என் கணவரின் அம்மா முறுக்கிய கம்பளி நூல். மூன்றாவது, கணவாயில் மஞ்சளேறிய நூல். எத்தனை முடிச்சு என்று மூதாட்டி கேட்டார். மூன்று என்று என் அம்மா தமிழிலேயே சொல்லி விரலைக் காட்டினார்.

தாளில் கையெழுத்திட்டபோது மூதாட்டியின் குடைக்கடியில் ஒரு சமையல் பலகையை வைத்துக்கொண்டோம். என் தரப்பில் சாட்சி சித்தி, சூனியம் என்று அஞ்சியவர். கயிற்றைப் பிடித்திருந்த கையைத் துடைக்காமலேயே தாளைப் பிடித்துவிட்டார்.

கையெழுத்தான தாளை மூன்று நாட்களுக்குள் பதிவாளரிடம் சேர்ப்பித்தால்தான் திருமணம் பதிவேட்டில் ஏறும். திங்கட்கிழமை காலை கொண்டுபோனோம். பதிவாளர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, வலப்பக்க ஓரத்தில் இருந்த மஞ்சள் ரேகையைக் காட்டி இது என்ன என்று கேட்டார். மஞ்சள் என்று சொல்லி, தாள் கெட்டுவிட்டதா என்று பதறினேன். எழுத்தின்மேல் படவில்லை, போதும் என்று சொல்லிவிட்டுத் தட்டச்சு செய்யத் தொடங்கினார். கால் மணி நேரத்தில் சான்றிதழ் கைக்கு வந்தது. ஊருக்குப் போனதும் அம்மா அதை லேமினேட் செய்யக் கடைக்குக் கொண்டுபோகவிருந்தார். இந்திய அலுவல்களுக்கு, ஆவணத்தை வெளிநாட்டில் ஏற்கச் செய்யும் அபோஸ்டில் முத்திரை அந்தத் தாளிலேயே ஒட்டப்பட வேண்டும், லேமினேட் செய்தால் ஒட்ட முடியாது என்று தொலைபேசியில் கத்தித் தடுத்தேன். தடுத்தது நல்லதாயிற்று. இரண்டு ஆண்டு கழித்து என் கணவரின் ஓசிஐ (கடல்கடந்த இந்தியக் குடிமகன்) அட்டைக்கு விண்ணப்பித்தபோது முதலில் கேட்டது அந்த முத்திரையைத்தான்.