ஐம்பது காசு டிஷ்யூவும் ஓசிச் சினிமாவும்

முதலில் டிஷ்யூ கதையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மனசு ஆறாது. மதியம் சிங்கப்பூரில், சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு கடையில் மீன் சாப்பாடு. உட்கார்ந்ததுமே இலைக்குப் பக்கத்தில் ஈர டிஷ்யூ பாக்கெட் ஒன்றை வைத்தார்கள். உபசாரம் என்று நினைத்துக் கிழித்துக் கை துடைத்தேன். பில்லில் அதற்கு ஐம்பது காசு! அப்புறம் சேவைக் கட்டணம் 10 விழுக்காடு, அதற்கும் மேல் ஜிஎஸ்டி 9 விழுக்காடு. மெனுவில் விலையை ஒட்டி இரண்டு கூட்டல் குறி போட்டிருந்தது இதற்குத்தானாம். வெள்ளியை, அதாவது சிங்கப்பூர் டாலரை, ரூபாயாக மாற்றிப் பார்க்கும் வியாதி எனக்கு ஏற்கெனவே உண்டு. அன்று முற்றிவிட்டது.

சாயங்காலமாவது காசில்லாமல் கழியட்டும் என்றிருந்தபோது விடுதித் தம்பி சொன்னார்: "இந்திய மரபுடைமை நிலையத்துல இன்னைக்குப் பேச்சும் படமும் இருக்குண்ணே, இலவசம்." கேம்பல் லேனில் நாலு மாடி அருங்காட்சியகம், 2015-இல் திறந்தது. படிக்கிணற்றை மனதில் வைத்துக் கட்டிய முகப்பு. இருட்டிய பிறகு கண்ணாடிக்குப் பின்னாலிருந்து சுவரோவியம் எட்டிப்பார்க்கிறது. அதற்காகவே ராத்திரியில் போகலாம்.

இலவசம்தான், ஆனால் முன்பதிவு வேண்டுமாம். யாராவது வராவிட்டால் பார்க்கலாம் என்று ஓரமாக நிற்க வைத்தார்கள். கடைசி வரிசையில், ஏசிக்கு நேர் கீழே இடம் கிடைத்தது. குளிர் என்றால் அப்படியொரு குளிர். பையிலிருந்த குளியல் துண்டைப் போர்த்திக்கொண்டேன், வெட்கமெல்லாம் பார்க்கவில்லை.

பேச்சு, பழைய மலாய்ப் படங்களில் நம்மவர்களின் கை. பாலஸ்டியர் சாலையை ஒட்டிய ஜாலான் அம்பாஸில் ஷா சகோதரர்களின் ஸ்டூடியோ இருந்திருக்கிறது, 1967-இல் மூடினார்கள். நடித்தவர்கள் மலாய்க்காரர்கள், இயக்கியவர்களில் பலர் இந்தியர்கள். மலாய்த் திரையின் பெரிய நட்சத்திரம் பி. ரம்லி முதன்முதலாக நாயகனாக நடித்த 1950-ஆம் ஆண்டுப் படத்தின் இயக்குநர் எல். கிருஷ்ணன், மதராஸ் பக்கத்தில் பிறந்தவர். எனக்கு இது துளியும் தெரியாது. துண்டுக் காட்சிகள் போட்டார்கள். வாசற்படியில் தாய் அழுகிறாள், உடனே இடி இடிக்கிறது. மொழிதான் மலாய், அழுகை அச்சு அசல் நம்மூர்.

பேச்சாளரைவிடப் பக்கத்து நாற்காலித் தாத்தாதான் சுவாரசியம். சின்ன வயதில் அந்த ஸ்டூடியோ வாசலில் போய் நிற்பாராம். திரையில் ஸ்டூடியோ வாசலின் புகைப்படம் வந்ததும் எழுந்து, "தேத்தண்ணிக் கடை இந்தப் பக்கம் இல்ல, அந்தப் பக்கம்" என்று திருத்தினார். பேச்சாளர் மறுபேச்சில்லாமல் குறித்துக்கொண்டார்.

முடிந்ததும் தாத்தா, "தம்பி, பசியாறிட்டீங்களா?" என்றார். பசியாறுவது என்ற சொல்லை எங்களூரில் இப்போது யார் சொல்கிறார்கள்! பக்கத்திலுள்ள தேக்கா சந்தையில் தே தாரிக்கும் (நம்மூர் ஆற்றிய டீ மாதிரி) பரோட்டாவும் வாங்கித் தந்தார், என்னைக் காசெடுக்கவே விடவில்லை. டிஷ்யூ கேட்டேன். சட்டைப் பையிலிருந்து தன்னுடையதை எடுத்து நீட்டினார்.

போகும் வழியை ஒழுங்காக எழுதுவதாக இருந்தேன்: லிட்டில் இந்தியா எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கி நடந்தால் போதும், முன்பதிவு செய்துவிடுங்கள், போர்வை மறக்காதீர்கள். காட்சிக்கூடம் சிங்கப்பூர்க் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் இலவசம், நமக்கு டிக்கெட் உண்டு. மறுநாள் பல்லைக் கடித்துக்கொண்டு எடுத்தேன். உள்ளே போனால் 19-ஆம் நூற்றாண்டுச் செட்டிநாட்டு வாசல் ஒன்று, நிலை முழுக்கப் பொடிப்பொடிச் சிற்பம். அரைமணி நேரம் அதன் முன்னாலேயே நின்றேன். காரைக்குடிக்காரன் சிங்கப்பூரில் காசு கொடுத்துச் செட்டிநாட்டுக் கதவு பார்த்த விஷயத்தை அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.