பூனைக்குட்டிக்கு எவ்ளோ போடணும், எத்தனை வேளை போடணும்

எங்க பூனைக்குட்டி மிளகு வீட்டுக்கு வந்து மூணு மாசத்துக்கு மேல ஆச்சு. எங்க புளோக்குக்குக் கீழ பூனைங்களுக்கு டெய்லி சாப்பாடு வைக்கிற சீன ஆண்ட்டி ஒருத்தங்க இருக்காங்க, சைக்கிள் நிறுத்துற இடத்துக்குப் பின்னாடி கறுப்புக் குட்டி ஒண்ணு தனியா கத்திட்டு இருக்கு, தாயை ரெண்டு நாளா காணோம்னு அவங்கதான் என்னைக் கூப்பிட்டுக் காட்டினாங்க. வேலை முடிஞ்சு வந்த அலுப்பு எனக்கு, ஆனா குனிஞ்சு அந்த முகத்தைப் பாத்ததுக்கப்புறம் விட்டுட்டு லிஃப்ட்ல ஏற மனசு வரல. கையில எடுத்தா கனமே தெரியல. முதுகெலும்பு மணி மணியா விரல்ல தட்டுப்பட்டுச்சு.

எங்க வீட்ல யாரும் இதுக்கு முன்னாடி பூனை வளர்த்ததில்ல. அம்மாவுக்கு சின்ன வயசுலேர்ந்தே ஆசைதான், ஆனா 1989லேர்ந்து இங்க சிங்கப்பூர்ல வீவக வீட்ல, அதான் அரசாங்க அடுக்குமாடி வீட்ல, பூனை வச்சிருக்கக் கூடாதுன்னு இருந்துச்சே. 2024 செப்டம்பர்லதான் அது மாறுச்சு, இப்போ ஒரு வீட்டுக்கு ரெண்டு பூனை வரைக்கும் வச்சுக்கலாம், மைக்ரோசிப்பும் லைசென்சும் வேணும், லைசென்ஸ் எடுக்குறதுக்கு முன்னாடி ஆன்லைன்ல ஒரு சின்ன கோர்ஸ் முடிக்கணும். அதனால பயமில்லாம தூக்கிட்டு வந்துட்டேன். ஆனா அன்னைக்கு ராத்திரி கேள்வி ஒண்ணே ஒண்ணுதான்: இதுக்கு என்ன போடுறது, எவ்ளோ போடுறது?

மறுநாள் விலங்கு டாக்டர்கிட்ட காட்டினோம். பல்லைப் பாத்துட்டு ஏழு வாரம் இருக்கும்னாங்க, எடை 610 கிராம். நல்லவேளை ஏழு வாரம். நாலு வாரத்துக்குக் கீழன்னா பால்பவுடர் கரைச்சு புட்டியில குடுக்கணும், அதுவும் பூனைக்குட்டிக்குன்னே விக்கிற பவுடர்தான், ராத்திரியும் முழிச்சிருக்கணும். நாலு வாரத்துக்கு மேல குழைச்ச சாப்பாடு நக்க ஆரம்பிக்கும், எட்டு வாரத்துக்குள்ள பால் முழுசா நின்னுடும். மிளகு அந்தக் கடைசிக் கட்டத்துல இருந்தா.

முதல் வாரமே தப்பு நடந்துடுச்சு, அதைச் சொல்லித்தான் ஆகணும். நான் காலையில வெட் ஃபுட் பௌச் ஒண்ணு பிரிச்சு வச்சுட்டு வேலைக்குப் போவேன். வீட்டுக்காரர் நைட் ஷிஃப்ட் முடிஞ்சு வருவாரு, காலைச் சுத்திச் சுத்தி கத்துறாளேன்னு அவரும் ஒண்ணு பிரிப்பாரு. மத்தியானம் அம்மா "புள்ள வயித்துல ஒண்ணுமே இல்லடி, கத்துறத பாரு"ன்னு பாலும் சோறும் பிசைஞ்சு வச்சிருக்காங்க, அந்தப் பிசையற கை எங்க எல்லாரையும் வளர்த்த கை, அவங்களுக்கு அதுல என்ன தப்பு தெரியும். நாலாவது நாள் தண்ணியா போக ஆரம்பிச்சா. ஆறாவது நாள் எடை 585. கூட வேண்டிய வயசுல 25 கிராம் குறைஞ்சிருக்கு. நமக்கு 25 கிராம்னா ஒரு கைப்பிடி கடலை, அந்த உடம்புக்கு அது ரொம்பப் பெருசு, இவ்ளோ சின்னக் குட்டிக்கு வயித்துப்போக்கு வந்தா உடம்புல தண்ணி வத்தி ஒரே நாள்ல துவண்டுடும். அன்னைக்கு நான் அழுதுட்டேன்.

டாக்டர் பூச்சி மருந்து குடுத்தாங்க, பாலை நிறுத்தச் சொன்னாங்க. பால் பூனைக்கு நல்லதுன்னு நாம எல்லாரும் நம்பிட்டுதான் இருக்கோம், ஆனா தாய்ப்பால் நின்னதும் பாலுல உள்ள சர்க்கரைய செரிக்கிற சக்தி பூனைக்குக் குறைஞ்சிடும், பசும்பால் குடுத்தா வயிறு கலக்கிடும். சோறும் விஷமில்ல, ஆனா பூனை கறி தின்னே வாழுற உடம்பு, சோத்துல வயிறு ரொம்பிட்டா அதுக்கு வேண்டியது உள்ள போறதுக்கு இடமில்ல.

அதுக்கப்புறம்தான் நான் உக்காந்து எல்லாத்தையும் படிச்சேன், டாக்டரையும் விடாம கேட்டேன். எனக்குப் புரிஞ்ச ஒரே விஷயம் இதுதான், கத்துறதை வச்சு அளவு போடாதீங்க, தராசை வச்சுப் போடுங்க. குட்டி எப்பவும் கத்தும். ஃப்ரிட்ஜ் கதவு திறந்தா கத்தும், பிளாஸ்டிக் பை சத்தம் கேட்டா கத்தும். எடைதான் உண்மையச் சொல்லும். வாரத்துக்கு சுமாரா 100 கிராம் கூடினா நல்லா வளருதுன்னு அர்த்தம். அம்மா முறுக்கு மாவு நிறுக்குற தராசு எங்ககிட்ட ஏற்கனவே இருந்துச்சு, அது மேல ஒரு பிளாஸ்டிக் டப்பா வச்சு, ஜீரோ ஆக்கிட்டு, டப்பாவுக்குள்ள ரெண்டு துண்டு ட்ரை ஃபுட் போட்டா அவளே உள்ள ஏறி உக்காந்துப்பா. முதல் மாசம் டெய்லி காலையில சாப்பாட்டுக்கு முன்னாடி நிறுத்தேன், இப்போ சனிக்கிழமை மட்டும்.

சரி, கணக்குக்கு வர்றேன். போன்ல இருக்குற கால்குலேட்டர் போதும். குட்டியோட எடைய கிலோவுல எடுத்துக்கிட்டு அதை அதாலயே மூணு தடவை வர்ற மாதிரி பெருக்குங்க, 0.6 கிலோன்னா 0.6 பெருக்கல் 0.6 பெருக்கல் 0.6, வர்றதுக்கு ரெண்டு தடவை வர்க்கமூலம் எடுங்க, அதை 70ஆல பெருக்குங்க. சும்மா படுத்துக் கெடந்தா கூட உடம்புக்கு வேண்டிய சக்தி அது. வளர்ற குட்டிக்கு அதைப் போல ரெண்டரை மடங்கு வேணும், அதனால மறுபடி 2.5ஆல பெருக்கணும். மிளகு 600 கிராம் இருந்தப்ப சுமாரா 120 கிலோகலோரி வந்துச்சு. ஒரு கிலோ ஆனா 175. அதாவது எடை ரெண்டு மடங்கு ஆனா சாப்பாடு ரெண்டு மடங்கு ஆகாது, இது எனக்கு ரொம்ப நாள் புரியாமலே இருந்துச்சு. நாலஞ்சு மாசத்துக்கு மேல வளர்ச்சி வேகம் குறையும்போது அந்த 2.5ஐ மெதுவா 2க்குக் கொண்டு வரலாம்.

இப்போ அதை சாப்பாடா மாத்தணும். நாங்க வாங்குற 85 கிராம் பௌச்ல 80 கிலோகலோரி சுமாரா இருக்கு, ட்ரை ஃபுட்ல 100 கிராமுக்கு 400 சுமாரா. ஒவ்வொரு பிராண்டுக்கும் மாறும், பாக்கெட் பின்னாடி பொடி எழுத்துல போட்டிருப்பான், கட்டாயம் பாருங்க. அப்போ 120க்கு ஒரு நாளைக்கு ஒரு பௌச், கூட 10 கிராம் ட்ரை, அவ்ளோதான். பத்து கிராம் எவ்ளோன்னு நிறுத்துப் பாத்தீங்கன்னா ஆச்சரியப்படுவீங்க, உள்ளங்கைக் குழிய கூட நிரப்பாது. நாங்க மூணு பேரும் சேர்ந்து அந்த முதல் வாரம் எத்தனை மடங்கு போட்டிருப்போம்னு நினைச்சாலே வயித்தைப் பிசையுது. கப்புல அளக்காதீங்க, ஒருத்தர் தலை தட்டி அள்ளுவாங்க, ஒருத்தர் குமிச்சு அள்ளுவாங்க, கிராம்ல நிறுத்துடுங்க. இன்னொண்ணு, பாக்கெட்ல போட்டிருக்குற அட்டவணை ஒரு நாள் முழுசுக்குமான அளவு, ஒரு வேளைக்கு இல்ல. என் தோழி ஒருத்தி அதை ஒரு வேளைன்னு நினைச்சு நாலு வேளையும் போட்டுட்டு இருந்தா.

எத்தனை வேளைன்னா, குட்டியோட வயிறு ரொம்பச் சின்னது, ஒரே தடவையில நிறைய தாங்காது, ரொம்ப நேரம் பட்டினியும் தாங்காது. ரெண்டு மூணு மாசத்துல நாலு வேளை, ஆறு மாசம் வரைக்கும் மூணு வேளை, அதுக்கப்புறம் ரெண்டு வேளை போதும். நாலு வேளையா இருந்தப்ப எங்க வீட்ல காலை ஆறரைக்கு நான், பன்னெண்டரைக்கு அம்மா, சாயங்காலம் அஞ்சுக்கு வீட்டுக்காரர் எந்திரிச்சதும், ராத்திரி பத்தரை பதினொண்ணுக்கு மறுபடி நான். அந்தக் கடைசி வேளைய மட்டும் விட்டுடாதீங்க, விட்டா விடியக்காலம் நாலு மணிக்கு மூஞ்சி மேல வந்து நிப்பா. ஃப்ரிட்ஜ்ல ஒரு தாள் ஒட்டி யார் போட்டாலும் டிக் பண்ணணும்னு வச்சோம், டிக் இருந்தா அவ எவ்ளோ கெஞ்சினாலும் கிடையாது. காலையிலயே அன்னைக்கு வேண்டிய ட்ரை ஃபுட்டை ஒரு சின்ன டப்பாவுல நிறுத்து வச்சுடுவேன், தீனியா குடுக்குறதும் அதுலேர்ந்துதான் எடுக்கணும். டப்பா காலியானா அன்னைக்கு முடிஞ்சுது. வேலைக்குப் போற வீடா இருந்து மத்தியானம் யாரும் இல்லன்னா கொஞ்சம் ட்ரை ஃபுட்டை வச்சுட்டுப் போகலாம், அது கெடாது, ஆனா அதையும் நிறுத்துதான் வைக்கணும்.

வெட் ஃபுட்டை மட்டும் அப்படி வைக்காதீங்க. நம்ம ஊரு வெக்கையில ஒரு மணி நேரத்துக்கு மேல வெளிய இருந்தா எனக்கு நம்பிக்கை இல்ல, எடுத்துக் கொட்டிடுவேன். எறும்பு வேற, பத்தாவது மாடியா இருந்தாலும் எங்கேர்ந்துதான் வருதோ, தட்டை ஒரு பெரிய தட்டுல தண்ணி ஊத்தி அதுக்கு நடுவுல வச்சா வராது. பிரிச்ச பௌச்சை மூடி ஃப்ரிட்ஜ்ல வச்சுட்டு அடுத்த வேளைக்கு ரெண்டு ஸ்பூன் வெந்நீர் விட்டுக் கலக்கிக் குடுப்பேன், சில்லுனு இருந்தா வாசனை வராது, மோந்து பாத்துட்டுப் போயிடுவா. கூடுதலா தண்ணியும் உள்ள போகுது, பூனைக்குத் தாகமே அவ்வளவா எடுக்காது, அதனாலதான் வெட் ஃபுட்டை நான் முழுசா நிறுத்த மாட்டேன்.

என்ன வாங்குறதுங்கறதுல ஒரு விஷயத்துல நான் ரொம்பக் கண்டிப்பு. பக்கத்து ஏரியா கடை ஒண்ணுல குட்டிக்குன்னு கேட்டதுக்கு ட்யூனா டின் ஒரு டஜன் எடுத்துக் குடுத்தாங்க, இருபது வெள்ளிக்கும் குறைவு, வீட்டுக்கு வந்து படிச்சா அதுல 'காம்ப்ளிமென்டரி'ன்னு போட்டிருக்கு. அப்படின்னா அது தொட்டுக்க மாதிரி, அதை மட்டுமே போட்டா குட்டி வளராது, எலும்புக்கு வேண்டிய கால்சியம் கூட சரியா கிடைக்காது. 'கம்ப்ளீட்'னு போட்டிருக்கணும், கூடவே குட்டிக்கு, இல்லன்னா எல்லா வயசுக்கும்னு போட்டிருக்கணும். நாய்ச் சாப்பாட்டையும் குடுத்துடாதீங்க, டாரின்னு ஒரு சத்து இருக்கு, நாய் அதைத் தன் உடம்புலேயே செஞ்சுக்கும், பூனையால போதுமான அளவு செஞ்சுக்க முடியாது, அது இல்லன்னா கண்ணு போகும், இதயம் வீங்கும். 1980கள்ல பூனைங்களுக்கு வந்த அந்த இதயநோய்க்கு டாரின் குறைவுதான் காரணம்னு 1987ல கலிஃபோர்னியாவுல கண்டுபிடிச்சாங்க, அதுக்கப்புறம்தான் கம்பெனிக்காரங்க சாப்பாட்டுல டாரினை கூட்டிப் போட ஆரம்பிச்சாங்க. நம்ம வீட்டு மீன் குழம்புலேர்ந்து ஒரு துண்டு எடுத்துப் போடுற பழக்கமும் வேணாம், வெங்காயமும் பூண்டும் பூனையோட ரத்த அணுவையே உடைச்சுடும். அம்மா இப்போ குழம்பு வைக்கிறதுக்கு முன்னாடியே ஒரு சின்னத் துண்டு மீனை உப்பு கூட இல்லாம அவிச்சு, முள்ளெடுத்து, விரல் நுனியில வச்சு ஊட்டுறாங்க. வாரத்துக்கு ஒரு தடவை. அதை நான் தடுக்கல.

பிராண்டு மாத்துறதா இருந்தா ஒரு வாரம் பத்து நாள் பழசோட கலந்து கலந்து மாத்துங்க.

தராசு ஒரு பக்கம்னா கை ஒரு பக்கம். விலாவைத் தடவிப் பாத்தா எலும்பு லேசா தெரியணும், துருத்திட்டு இருக்கக் கூடாது, தேடுற மாதிரியும் இருக்கக் கூடாது. சாப்பிட்டதும் வயிறு உருண்டையா இருக்குறது சரி, ஆனா எந்நேரமும் வயிறு மட்டும் ஊதி இடுப்பு ஒட்டிக் கெடந்தா பூச்சியா இருக்கும், சாப்பாட்டைக் கூட்டிப் பிரயோஜனமில்ல. ஒரு நாள் எடை கூடலன்னா பதறாதீங்க, ரெண்டு மூணு நாள் கூடலன்னா, இல்ல குறைஞ்சா, டாக்டர்கிட்ட போயிடுங்க. சின்னக் குட்டி அரை நாளைக்கு வாயே வைக்கலன்னா நாளைக்குப் பாப்போம்னு இருக்காதீங்க, அன்னைக்கே போங்க.

மிளகு அந்த 585லேர்ந்து அடுத்த வாரம் 690, அதுக்கடுத்த வாரம் 800ன்னு ஏறினா. இன்னைக்குக் காலையில 2 கிலோ 40 கிராம். இப்போ ஒரு நாளைக்கு ஒரு பௌச்சும் 40 கிராம் ட்ரையும், மூணு வேளை. பால் பல்லு விழுந்துட்டு இருக்கு, போன வாரம் சோபா இடுக்குல அரிசி மணி மாதிரி ஒண்ணு கெடைச்சுச்சு, அம்மா அதைக் கழுவி சாமி மாடத்துல குங்குமச் சிமிழ் பக்கத்துல வச்சிருக்காங்க.

அடுத்த மாசம் கருத்தடை ஆபரேஷன். அது முடிஞ்சா பசி கூடும், ஆனா உடம்புக்கு வேண்டிய அளவு கால் பங்கு மாதிரி குறையும்னு டாக்டர் சொல்லியிருக்காங்க, நிறைய பூனைங்க குண்டாகுறது அந்தச் சமயத்துலதானாம். அதனால வாரா வாரம் நிறுக்குறதை நிறுத்தப் போறதில்ல. காய்கறிக் கடையில குடுத்த காலண்டர்ல சனிக்கிழமைக் கட்டத்துக்குள்ள எடைய எழுதுறது இப்போ அம்மாதான், பென்சிலைக் கையில வச்சுக்கிட்டு "எத்தனைடி, சொல்லு"ன்னு தராசுக்குப் பக்கத்துலயே நிப்பாங்க.