முகூர்த்தம் இல்லாத நாட்கள்

டிசம்பர் 27, சனி

அரையாண்டு விடுமுறை. காட்பாடியில் பாசஞ்சர் ஏறி வாலாஜா ரோட்டில் இறங்கினேன். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்தில் கிளம்பி வந்து நின்ற இடம் இது. ஷேர் ஆட்டோக்காரரிடம் சொன்னேன். "இங்கேயா? அப்படியென்றால் பாதி வண்டி ஏன் நிற்காமல் போகிறது?" என்றார். நியாயமான கேள்வி.

ஸ்டேஷன் ஓரிடம், ஊர் ஓரிடம். ஊர் வாலாஜாபேட்டை, நவாப் முகமது அலி வாலாஜாவின் பெயரில் எழுந்த பேட்டை. மலைத்தொடருக்கு அப்பாலிருந்து வந்த சரக்கும் சென்னையிலிருந்து வந்த சரக்கும் இங்கே கைமாறின. மாட்டு வண்டிகள் அவிழ்த்துப் போட்டு இளைப்பாற வேண்டியிருந்த காலம் வரைக்கும் அந்த மவுசு. ரயில் வந்ததும் சரக்கு நிற்காமல் போகப் பழகிவிட்டது. 1866-லேயே நகராட்சியான ஊரில் இன்றும் தெருக்கள் அகலமாக இருக்கின்றன, கடைகளில் கூட்டம்தான் அந்த அகலத்துக்கு ஏற்ப இல்லை. மாவட்டம் பிரித்து ராணிப்பேட்டையில் சேர்த்துவிட்டார்கள். என் நாக்குக்கு இன்னும் வட ஆற்காடுதான்.

புதுப்பித்துக் கலைக்கூடமாக்கிய வீட்டைப் பார்க்கத்தான் போனேன். என்னிடம் ஓவியம் படித்த பெண் அங்கே மேலாளராக இருக்கிறாள். இரண்டு பக்கமும் திண்ணை, நடுவே நடை, அதைத் தாண்டினால் வானம் தெரியும் முற்றம், சுற்றிலும் தாழ்வாரம், தேக்குத் தூண்கள். பின்கட்டில் கிணறு. நுழைவுச் சீட்டு ஐம்பது ரூபாய். சுவரில் பாலாறு பாலாறாக மாட்டியிருக்கிறார்கள்: வறண்ட பாலாறு, வெள்ளம் வந்த பாலாறு, மணல் லாரி நிற்கும் பாலாறு. கடைசியாகச் சொன்னது நன்றாக இருந்தது. மற்றவற்றைவிடச் சுவரே அழகு. படத்தைப் பார்க்கப் போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பது ஓவியர்களுக்குச் செய்யும் அவமரியாதைதான், ஆனால் அப்படித்தான் நின்றேன்.

கூடத்தின் தரையில் ஓர் இடத்தில் கண்ணாடி பதித்திருக்கிறார்கள். கீழே செவ்வகமான ஒரு குழி, ஓரத்தில் சின்ன விளக்கு. என்னவென்று எழுதி வைக்கவில்லை. பள்ளிக்கூடப் பையன்கள் இருவர் அதன்மேல் குதித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

டிசம்பர் 30, செவ்வாய்

அக்கா மகன் பெங்களூரிலிருந்து வந்திருந்தான், வேலூர்க் கோட்டைக்குக் கூட்டிப்போனேன். அகழி, ஜலகண்டேஸ்வரர், 1806 சிப்பாய்ப் புரட்சி என்று வழக்கமான சுற்று. அருங்காட்சியகத்தில் கண்டியின் கடைசி அரசர் விக்கிரம ராஜசிங்கர் ஆடிய தந்தச் சதுரங்கப் பலகை முன்னால் அவன் வெகுநேரம் நின்றான். 1815-ல் அரியணை போய், இங்கே சிறையிருந்து, 1832-ல் இறந்த மனிதர். "சித்தி, எதிரில் யார் உட்கார்ந்து ஆடியிருப்பார்கள்?" என்றான். என்னிடம் பதில் இல்லை.

கோட்டைக்கு யாரும் வாடகை தர வேண்டியதில்லை, கல்லும் காரையும் அரசாங்கப் பொறுப்பு. வாலாஜாபேட்டை வீட்டுக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. ஓடு ஒன்று உடைந்தாலும் அந்தச் செலவை வீடே சம்பாதித்துக்கொள்ள வேண்டும்.

ஜனவரி 4, ஞாயிறு

பள்ளி திறப்பதற்குள் இன்னொரு தடவை. பின்கட்டில் இன்னும் வேலை நடக்கிறது. மேஸ்திரி பேச்சுக்கு ஆள் கிடைத்த சந்தோஷத்தில் எல்லாவற்றையும் காட்டினார்.

சுண்ணாம்பைத் தொட்டியில் நீற்றி வாரக்கணக்கில் ஊறவிட்டிருக்கிறார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் இன்னொரு பீப்பாயில், கிட்டே போனால் கள்ளுக்கடை வாசம். அந்தத் தண்ணீரை விட்டு மணலோடு சேர்த்து அரைத்தால் காரை. மேல்பூச்சுக்கு முட்டையின் வெள்ளைக்கரு சேர்த்து, கூழாங்கல்லால் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டுமாம். "கையை வைத்துப் பாருங்கள், டீச்சர்" என்றார். வெண்ணெய் தடவிய மாதிரி வழுக்கியது, ஜில்லென்று இருந்தது.

முன்பு குடியிருந்த யாரோ கீழ்ச்சுவர் உதிர்கிறது என்று இடுப்பளவுக்குச் சிமென்ட் பூசியிருக்கிறார்கள். அதுதான் வீட்டுக்கு வினை. மண்ணிலிருந்து ஏறும் ஈரத்தைச் சுண்ணாம்பு வெளியே விட்டுவிடும், சிமென்ட் அடைத்துவிடும். அடைபட்ட ஈரம் இன்னும் மேலே ஏறி, சிமென்ட் முடிகிற இடத்தில் உப்பாகப் பூத்துச் சுவரைத் தின்னும். மேஸ்திரி ஒரு மூலையில் சிமென்ட்டை உளியால் பெயர்த்துக் காட்டினார். உள்ளே செங்கல் விரலால் சுரண்டினாலே பொடியானது. மேலே மெட்ராஸ் டெரஸ் என்கிற தளத்துக்கு ஒரு குறையும் இல்லை. உத்திரங்களுக்குக் குறுக்கே மெல்லிய செங்கல்லைக் குத்துக்கல்லாக, மூலைவாட்டில் அடுக்கியிருக்கிறார்கள். அண்ணாந்து பார்த்தால் பாய் முடைந்ததுபோலத் தெரிகிறது.

இந்தச் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. அடித்தால் பூச்சு தட்டுத்தட்டாக விடும். அதனால் மேலே கம்பி ஓட்டி அதிலிருந்து படங்களைத் தொங்கவிடுகிறார்கள். படத்தின் பின்னால் நான்கு மூலைகளிலும் தக்கை வைத்துச் சுவரிலிருந்து விலக்கியிருக்கிறார்கள். இல்லாவிட்டால் மூச்சுவிடும் சுவர் காகிதத்தின் மேல்தான் மூச்சுவிடும். நீர்வண்ணப் படம் ஒரு மழைக்காலத்தில் பூசணம் பிடித்துவிடும்.

மேலாளரிடம் கேட்டேன்: எங்கள் பள்ளிப் பிள்ளைகளின் படங்களை இங்கே வைக்க முடியுமா? "தாராளமாக, டீச்சர். ஆனால் தை பிறந்துவிட்டால் முடியாது. பங்குனி போனால் சித்திரை, வைகாசி. ஆனி வரைக்கும் கல்யாணத்துக்கு வீட்டை வாடகைக்கு எடுக்கும் முகூர்த்தக்காரர்கள் முன்பணம் கட்டிவிட்டார்கள்."

ஜனவரி 10, சனி

தியாகராஜ ஆராதனையை ஒட்டி மாலையில் முற்றத்தில் பாட்டு. இந்த ஊருக்கு அது பொருந்தும். தியாகராஜரின் சீடர் வேங்கடரமண பாகவதர் வாழ்ந்து பெயர் வாங்கிய ஊர். ஊர்ப்பெயர் அவருக்கு முன்னொட்டாகவே ஒட்டிக்கொண்டது. குருவின் கீர்த்தனைகளை அவரும் அவர் வீட்டாரும் எழுதி வைத்த சுவடிகள் பின்னாளில் மதுரை சௌராஷ்டிர சபைக்குப் போய்ச் சேர்ந்தன. எழுதிவைக்க ஒருவர் இல்லாவிட்டால் எத்தனை பாட்டு காற்றோடு போயிருக்கும்.

மைக் வைக்கவில்லை. முற்றத்தின் ஒரு கோடியில் ஒரு சிறுமி பாட, எதிர்த் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு ஸ்வரம் ஸ்வரமாகக் கேட்டது. தம்புராவின் ரீங்காரத்தை மரக்கூரை வாங்கி வைத்துக்கொண்டது. பின்கட்டில் சுண்டல் தாளிக்கிறார்கள் என்பதும் அதே தெளிவோடு கேட்டது.

என் பக்கத்தில் எண்பதைத் தாண்டிய ஒரு பாட்டி, இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கும் சௌராஷ்டிரர். இடைவேளையில் என் கையைப் பிடித்துக் கண்ணாடித் தரைக்குக் கூட்டிப்போனார். "இது எங்கள் மாமனார் கூலிக்கு நெய்த தறி, அம்மா. இப்படி வரிசையாக இருந்தது. மற்றதையெல்லாம் தூர்த்துவிட்டார்கள்."

குழித்தறி. குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து மிதிகட்டையை மிதிக்க வேண்டும். பாவு, அதாவது நீளவாட்டு நூல், தரைக்கு ஒட்டினாற்போல் ஓடும். மண்ணின் ஈரத்தில் இழை பதமாக இருக்கும், அறுந்து போகாது, அதற்குத்தான் குழி. குனிந்து பார்த்தேன். கண்ணாடியின் அடிப்பக்கம் முழுக்க வேர்த்து, துளிகள் திரண்டு நின்றன. நூலுக்கு எந்த ஈரத்தைத் தேடி இந்த வீட்டைக் கட்டினார்களோ, அந்த ஈரத்திடமிருந்து இன்று படங்களைத் தக்கை வைத்துக் காப்பாற்றுகிறார்கள்.

விருந்துக்கு நாற்காலி போடச் சமதரை வேண்டும் என்றுதான் தூர்த்தார்களாம். காரணம் புரிகிறது, மனம் ஒப்பவில்லை. தூண்களின் செதுக்கலுக்கு எவ்வளவு கவனம்! எண்ணெய் போட்டுத் துடைத்து, விட்டுப்போன பூவிதழைப் புது மரத்தில் ஒட்டி எடுத்திருக்கிறார்கள். இந்தத் தூண்களுக்குக் காசு கொடுத்த தறிகளுக்கு ஒரு கண்ணாடி, அதிலும் பெயர்ப்பலகை இல்லை. "இதை எழுதி வையுங்கள்" என்று மேலாளரிடம் சொன்னேன். பாட்டியிடம் கேட்டு எழுதுவதாகச் சொன்னாள்.

ஜனவரி 16, வெள்ளி

மாட்டுப் பொங்கல். எழுத ஒன்றுமில்லை, சாப்பாடுதான்.

ஜனவரி 25, ஞாயிறு

ராணிப்பேட்டைத் தோழி வீட்டு நிச்சயதார்த்தம் அதே வீட்டில். மார்கழியில் நான் பார்த்த கூடமா இது? பாலாறுகளைக் கழற்றி மாடி அறையில் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்திருந்தார்கள். முற்றத்தைச் சுற்றிச் செவ்வந்திச் சரம். டெக்கரேஷன்காரப் பையன் தூணில் டேப் ஒட்டப் போனான். மேலாளர் எங்கிருந்தோ ஓடி வந்து தடுத்து, துணி நாடாவால் கட்டச் சொன்னாள். ஒரு தடவை டேப்பை உரித்தபோது மெருகும் சேர்ந்து வந்துவிட்டதாம். சமையலுக்குப் பின்கட்டிலும் அடுப்பு மூட்டக் கூடாது, வெளியே சமைத்துக் கொண்டுவர வேண்டும். ஸ்பீக்கருக்கு ஒரு அளவு. மாப்பிள்ளை வீட்டார் முணுமுணுத்தார்கள். "சத்திரத்திலேயே வைத்திருக்கலாம்" என்று ஒரு மாமா நான்கு பேரிடமாவது சொன்னார்.

எனக்கோ, வெறும் கலைக்கூடமாக இருந்தபோது இல்லாத ஏதோ ஒன்று இன்று வீட்டுக்கு வந்திருந்ததாகத் தோன்றியது. திண்ணையில் கிழவர்கள் சீட்டாடினார்கள். தாழ்வாரத்தில் குழந்தைக்குச் சோறு ஊட்டினார்கள். கிணற்றடியில் யாரோ யாரிடமோ அழுதுகொண்டிருந்தார்கள். இப்படிப் புழங்கத்தானே கட்டினார்கள்.

ஒரு மாலையின் வாடகை எவ்வளவு என்று தோழி காதில் சொன்னாள். ஐம்பது ரூபாய்ச் சீட்டை எத்தனை வருடம் கிழித்தால் அது சேரும் என்று கணக்குப் போட்டேன். கடுக்காய்க்கும் வெல்லத்துக்கும் மேஸ்திரிக்கும் இந்தச் செவ்வந்திச் சரம்தான் படியளக்கிறது. ஓவியம் இங்கே விருந்தாளி, கல்யாணம்தான் வீட்டுக்காரர். நாங்கள் ஓவியம் சொல்லிக்கொடுப்பவர்கள் இதற்குக் கோபித்துக்கொள்வது எங்கள் கௌரவத்துக்கு நல்லதாக இருக்கலாம், ஓட்டுக்கூரைக்கு நல்லதில்லை.

பிப்ரவரி 7, சனி

மேலாளர் போன் செய்தாள். கண்ணாடிக்குப் பக்கத்தில் பலகை வைத்தாகிவிட்டது. பாட்டி சொல்லச் சொல்ல எழுதினாளாம்: பாவு, ஊடை, நாடா, மிதிகட்டை, எந்தத் தறி எந்த மூலையில் நின்றது என்று ஒரு வரைபடம். வரைபடத்தை நம் பள்ளி எட்டாம் வகுப்புப் பையன் போட்டுக் கொடுத்தான், கோடு கொஞ்சம் நடுங்குகிறது, பரவாயில்லை.

கண்காட்சிக்கு ஆடி மாதம் தருகிறார்கள். ஆடியில் யாரும் கல்யாணம் வைப்பதில்லை, அதனால் மாதம் முழுக்க வாடகை இல்லாமல் எடுத்துக்கொள்ளலாம். தலைமையாசிரியர், "ஆடியிலா? நல்ல காரியத்தை யாராவது ஆடியில் தொடங்குவார்களா?" என்றார். மார்கழியும் ஆடியும் சாமிக்கும் ஓவியத்துக்கும் ஒதுக்கியவை, ஐயா என்றேன். சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

காற்றடிக்கிற மாதம், முற்றத்து ஓரம் தொங்கும் படங்களுக்குக் கீழேயும் ஒரு கம்பி கட்ட வேண்டும். தச்சரிடம் சட்டத்துக்கு அளவு கொடுத்துவிட்டேன். தக்கைகளை மட்டும் ராணிப்பேட்டையில் வாங்க வேண்டும்.